கச்சானில் வெட்டிய சதுரம்

எங்கள் பழைய ஆய்வுகூடத்தில் அண்மையில் ஒரு புதிய நுணுக்குக்காட்டியை வைத்தார்கள். பார்ப்பதற்குச் சலவை மிசின் போல இருக்கிறது. கண்ணை வைத்துப் பார்க்க ஓர் இடம்கூட அதில் இல்லை. கண்ணாடித் துண்டை உள்ளே தள்ளினால் படம் திரையில் வந்துவிடும், நோய் பிடித்த இடம் எத்தனை வீதம் என்று அதுவே சொல்லியும்விடும். திறப்பு விழாவுக்கு ஓய்வுபெற்றவர்களையும் அழைத்து, குத்துவிளக்கில் ஒரு திரியை ஏற்றச் சொன்னார்கள். நான் ஏற்றிய திரி இரண்டு முறை அணைந்தது.

இப்போது அந்த அறைக்குப் பொறுப்பாக இருப்பவள் சர்மி. கெட்டிக்காரி, வாய் கொஞ்சம் கூட. தேத்தண்ணி குடிக்கும்போது என்னிடம் கேட்டாள்: "மெடம், உங்கட காலத்தில படத்த எல்லாம் என்னத்தால அளந்த நீங்க?"

"கத்தரிக்கோலால," என்றேன்.

சுற்றி நின்ற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் பகிடி விடவில்லை என்று சொல்லி முடிப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிட்டது. "அப்ப எழுதித் தாங்க," என்றாள் சர்மி. அதனால் எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கொழும்பில் ஆய்வுகூட வேலை படித்தேன், இரத்தம் எடுக்கப் பயந்தேன், பிறகு பயம் தெளிந்தது. படிப்பு முடிந்ததும் மட்டக்களப்புக்குத்தான் போவேன் என்று விண்ணப்பித்தேன். சண்டை நடந்த அந்த நாளில் எல்லோரும் அங்கிருந்து மாற்றம் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அங்கே போகக் கேட்டவள் நான் ஒருத்திதான். என் பெயரை எழுதிய பேனாவின் மை காய முன்னரே நியமனம் கையில் வந்துவிட்டது. சொந்த ஊர் ஆரையம்பதி. சைக்கிளில் பாலம் கடந்து வேலைக்கு வருவேன். வழியில் ஆமிக்காரரின் சென்றிகளில் இறங்கி, உருட்டி, மறுபடி ஏறி மிதிப்பதற்குள் கால் நன்றாக உறுதியாகிவிட்டது.

ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் எனக்குக் கொடுத்தது வாவிப் பக்கம் யன்னல் வைத்த ஓர் அறை. அதற்குள் ஒரு நல்ல நுணுக்குக்காட்டி இருந்தது. சண்டை தொடங்கிய பிறகு எங்களைச் சுற்றி மிஞ்சியிருந்த ஒரே நல்ல மிசின் அதுதான். அதனால் எல்லோருக்கும் அது தேவைப்பட்டது. மலேரியா ஒழிப்புப் பகுதியிலிருந்து மலேரியாக்காரர் இரத்தப் பூச்சுகளோடு வருவார்கள். பல்கலைக்கழகத்தில் மீனைப் பற்றிப் படிப்பிக்கும் மீன் சேர் ஒருவர் மீனின் செவுளில் இருக்கும் பூச்சியைத் தேடி வருவார், அவர் வந்துபோன பிறகு அரை நாளைக்கு அறை கருவாட்டுச் சந்தையாக இருக்கும். சத்திரசிகிச்சைப் பகுதியிலிருந்து சதைத் துண்டுகள் வரும். யார் எப்போது பார்ப்பது என்று பதிய ஒரு கொப்பி வைத்திருந்தேன். அந்தக் கொப்பிக்காக நடந்த சண்டைகளைச் சொன்னால் இந்தக் கட்டுரை முடியாது.

சண்டைக்குக் காரணம் வெயில். கரண்ட் இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் கிழமைக் கணக்கில் இராது. யன்னல் கதவில் ஒரு துளையிட்டு, வெளியே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைக் கட்டி, வெயிலைத் திருப்பி மிசினுக்குள் விடுவோம். காலை ஒன்பதிலிருந்து பதினொரு மணி வரைதான் அந்த யன்னலுக்கு வெயில் வரும். அந்த இரண்டு மணி நேரத்துக்காகப் படித்த மனிதர்கள் சின்னப் பிள்ளைகள் போல என்னிடம் வந்து கோள் சொல்லுவார்கள்.

மற்றத் தொல்லை வாவி. பார்க்க நல்ல வடிவு, வில்லைகளுக்கோ எமன். ஈரக் காற்றுப் பட்டால் ஒரு மாதத்தில் கண்ணாடியில் பூஞ்சணம் படர்ந்துவிடும். கொழும்பிலிருந்து ஈரம் உறிஞ்சும் மருந்து வராது. ஆகையால் அரிசியை நன்றாக வறுத்து, ஆறவைத்து, டப்பாக்களில் போட்டு, வில்லைகள் இருக்கும் அலுமாரிக்குள் அடுக்கிவைப்பேன். கிழமைக்கு ஒருக்கா எடுத்து மறுபடி வறுக்க வேண்டும். அரிசி என் புருசனின் கிரான் வட்டை வயலில் விளைந்தது, ஈரத்தை உறிஞ்சுவதில் அதற்கு நிகர் இல்லை. சாப்பிடவும் நன்றாக இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் மீன் சேர் வந்துபோகும் நாள்களில் டப்பாவில் அரிசி குறைந்தது. கடைசியில் டப்பாவில் "நஞ்சு" என்று எழுதி ஒட்டினேன். அதோடு நின்றது.

எங்களுக்கு மேலே இருந்தவர் டொக்டர் அல்மேதா. மட்டக்களப்புப் பறங்கிக் குடும்பத்துப் பெண், என்னைவிட நாலைந்து வயது இளையவர். முக்காலியில் பக்கவாட்டாக உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடாமலே மற்றக் கண்ணால் பார்ப்பார். நான் அறிய அவர் யாருக்கும் ஏசியதில்லை. நம் கணக்கு அவருக்குப் பிடிக்காவிட்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைப்பார். ஒரு கண்ணாடியைத் துடைக்க எவ்வளவு நேரம் எடுக்கலாமோ அவ்வளவு நேரம் எடுப்பார். பிறகு "திரும்ப ஒருக்கா எண்ணுவமா?" என்பார். அந்தத் துடைப்பைவிட இரண்டு ஏச்சு வாங்கியிருக்கலாம் என்று எனக்குப் பல நாள் தோன்றியிருக்கிறது.

எந்தத் தாளையும் எறியக் கூடாது என்பது அவருடைய சட்டம். வெட்டிய துண்டு, பிழையாக வெட்டிய துண்டு, எல்லாம் உறையில் போட்டு இலக்கமிட்டு மரப்பெட்டிக்குள் போக வேண்டும். "பெட்டி நிறைஞ்சிட்டுது டொக்டர்," என்று நான் முறைப்பட்டால், "அப்ப இன்னொரு பெட்டி செய்விப்பம்," என்பார்.

இனிக் கத்தரிக்கோலுக்கு வருகிறேன்.

கதிரவெளியில் பாக்கியம் என்ற மருத்துவிச்சி இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எனக்குப் பாக்கியக்கா. அவருடைய பகுதியில் கர்ப்பிணிகளுக்கு மலேரியா விடாமல் அடித்தது, பிள்ளைகள் நிறை குறைந்து பிறந்தன. வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே கிழமைக்கு ஒரு தடவை மாத்திரை கொடுத்துவந்தால் தடுக்கலாம். ஆனால் சண்டை காரணமாக அந்தப் பக்கத்துக்கு மருந்து போவதென்றால் அளந்துதான் போகும். கூட்டிக் கேட்டால், தேவை என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கொழும்பில் கேட்பார்கள். அத்தாட்சியைக் காட்டுவோம் என்றார் டொக்டர் அல்மேதா.

அந்த அத்தாட்சி, பிள்ளை பிறந்த பின் வெளிவரும் நச்சுக்கொடியில் இருந்தது. தாய்க்கு மலேரியா என்றால் அதில் கறுப்புக் கறை படிந்து, பிள்ளைக்குச் சத்துப் போகும் இடம் அடைபட்டிருக்கும். கதிரவெளித் தாய்மாரின் நச்சுக்கொடியில் அப்படி எவ்வளவு, மலேரியா வராத பட்டணத்துத் தாய்மாரில் எவ்வளவு என்று அளந்து காட்ட வேண்டும்.

பட்டணத்தில் அது கஷ்டமில்லை, பிரசவ வார்ட் பக்கத்தில் இருந்தது. கதிரவெளியில் பிள்ளை வீட்டில் பிறக்கும், நச்சுக்கொடியை வளவுக்குள் புதைப்பார்கள். பாக்கியக்கா ஒவ்வொரு வீட்டிலும் இருந்து கதைத்து, நகமளவு துண்டு ஒன்று மட்டும் எடுத்து, மிச்சத்தைப் புதைக்கக் கொடுத்துவிடுவார். துண்டு மருந்துத் தண்ணீருக்குள் ஜாம் போத்தலில் வரும். பஸ், சைக்கிள், தோணி என்று மாறி மாறி வரும். சென்றியில் ஒரு பொடியன் போத்தலைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு மண்மூட்டையில் மயங்கிச் சாய்ந்தானாம். "நான்தான் தண்ணி தெளிச்சி எழுப்பி விட்டன் தங்கச்சி. மறுகா என்னக் கண்டா வழி விடுறான்," என்றார் பாக்கியக்கா.

அளக்கும் முறை இதுதான். நுணுக்குக்காட்டியின் மேல் ஒரு சின்னக் கண்ணாடியைச் சரித்துவைத்தால் படம் மேசையில் விரித்த பெரிய டிமைத் தாளில் விழும். கறை படிந்த இடங்களைப் பென்சிலால் சுற்றி வரைய வேண்டும். வரைந்ததைக் கத்தரிக்கோலால் வெட்டி, துண்டுகளை இரசாயனத் தராசில் நிறுக்க வேண்டும். பெரிய இடமென்றால் பெரிய துண்டு, பெரிய துண்டென்றால் கூடிய நிறை. பத்துச் சென்ரிமீற்றர்ச் சதுரம் ஒன்றை அதே தாளில் வெட்டி நிறுத்து வைத்துக்கொண்டால், எத்தனை நிறைக்கு எவ்வளவு பரப்பு என்று கணக்குப் பார்த்துவிடலாம். சர்மியின் சலவை மிசின் செய்வதும் இதைத்தான், கத்தரிக்கோல் இல்லாமல் செய்கிறது.

பட்டணத்துத் துண்டுகளை ஆனி, ஆடி மாதங்களில் வரைந்து முடித்தேன். கச்சான் காற்று அடித்து உதடு வெடிக்கும் காலம். அப்போதுதான் அந்தச் சதுரத்தையும் வெட்டினேன். அழகான சதுரம், மூலைகள் நாலும் கத்தி போல இருந்தன. ஒவ்வொரு நாளும் புதுச் சதுரம் வெட்டச் சொல்லியிருந்தார் டொக்டர். எனக்கோ டிமைத் தாளை வீணாக்க மனம் வரவில்லை. இவ்வளவு நல்ல சதுரம் இருக்க இன்னொன்று ஏன் என்று, ஓர் உறையில் போட்டு, பழுதாகாமல் இருக்க வில்லை அலுமாரிக்குள் வறுத்த அரிசிக்குப் பக்கத்தில் வைத்தேன். என் கவனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கதிரவெளிப் போத்தல்கள் பாதை அடைபட்டுப் பிந்தி வந்தன. ஐப்பசி, கார்த்திகையில்தான் வரைய முடிந்தது. மாரி. வெயில் இல்லை, சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு ஜெனரேட்டர் போடும் நேரத்தில் ஒரு வயரை இழுத்து வேலை செய்தேன். சுவர் வியர்த்தது. தாள்கள் மேசையில் கிடந்தன. சதுரம் அலுமாரிக்குள் சுகமாக இருந்தது.

முடிவு வந்தபோது டொக்டரே முக்காலியை விட்டு எழும்பினார். கதிரவெளித் தாய்மாரின் கறை நாங்கள் நினைத்ததைவிட நன்றாகக் கூடியிருந்தது. கணக்கு கொழும்புக்குப் போனது. மார்கழியில் பதில் வந்தது: மாத்திரைக்கு அனுமதி தயாராகிறது, கையெழுத்து ஒன்றுதான் மிச்சம். பாக்கியக்கா அன்று எனக்கு ஒரு பார்சல் கூனிக் கருவாடு கொண்டுவந்து தந்தார். "எங்கட பொம்புளையள் உங்களக் கையெடுத்துக் கும்பிடுவாளுகள் தங்கச்சி," என்றார். நான் பெரிய மனிசியாகச் சிரித்தேன்.

தையில் ஒரு நாள் அலுமாரியைத் துடைக்கும்போது சதுரத்தின் ஒரு மூலையைக் கரப்பான் அரித்திருக்கக் கண்டேன். சரி போகட்டும் என்று மேசையில் கிடந்த அதே கட்டுத் தாளில் புதிதாக ஒன்று வெட்டி நிறுத்தேன். பழைய சதுரத்துக்குக் கொப்பியில் எழுதியிருந்ததைவிட நிறை கூடக் காட்டியது. தராசில் பிழை என்று நினைத்துத் தட்டைத் துடைத்துத் திரும்ப நிறுத்தேன். அதே நிறை. இன்னொரு சதுரம் வெட்டினேன், அதுவும் அப்படியே. புதுச் சதுரங்களை அரிசிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அடுத்த நாள் எடுத்து நிறுத்தால் இரண்டும் மெலிந்து பழைய நிறைக்கு வந்திருந்தன.

அப்போதுதான் விளங்கியது. கடதாசி ஈரத்தைக் குடிக்கும். மாரியில் வெட்டிய துண்டுகள் எல்லாம் வாவிக் காற்றைக் குடித்துப் பாரமாகிக் கிடந்தன. அவற்றை நான் காய்ந்த சதுரத்தோடு ஒப்பிட்டிருந்தேன். கதிரவெளிக் கறை கூடிக் காட்டியதில் ஒரு பங்குதான் நோய், மிச்சம் தண்ணீர்.

ஒருவருக்கும் தெரியாது. கணக்கு எங்களுக்கு நல்லதாகவே வந்திருந்தது, அதை யாரும் கிளறப் போவதில்லை. இன்னும் ஒரு கையெழுத்தோடு மாத்திரை போய்விடும். அது போவதில் என்ன பாவம் என்று என்னை நானே கேட்டேன். மூன்று நாள் வாய் திறக்கவில்லை. மூன்று நாளும் பாலத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன், சென்றிக்காரன் என்ன என்று கேட்டு விரட்டும் வரைக்கும். பயமாக இருந்தது. வேலை போகும் என்ற பயம் இல்லை. அந்தக் கூனிக் கருவாட்டை நான் பொரித்துச் சாப்பிட்டிருந்தேன், இனிப் பாக்கியக்காவின் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம்.

நாலாம் நாள் சொன்னேன். டொக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நாளுக்கு நாள் புதுச் சதுரம் வெட்டச் சொன்ன நான்," என்றார்.

"ஓம் டொக்டர்."

"ரெண்டு ஊர்த் துண்டையும் கலந்துபோட்டு வரையச் சொல்லியிருக்க வேணும். அத நான் சொல்லல்ல. சொல்லியிருந்தா ஈரம் ரெண்டிலயும் ஒரே அளவாக் கிடந்திருக்கும். அது என்ர பிழை." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "துண்டுகள் எல்லாம் பெட்டிக்குள்ள கிடக்குதானே?"

"ஒண்டும் எறியல்ல."

"அப்ப அரிசி வறுக்கச் சொல்லுங்க. திரும்ப ஒருக்கா நிறுப்பம்."

"கொழும்புக்கு?"

"அத இப்பவே எழுதிறன்."

"கையெழுத்துப் போட்ட பிறகு எழுதினா என்ன டொக்டர்? மாத்திரை போயிடுமே."

அவர் என்னைப் பார்த்தார். "மறுகா ஒரு நாள் வேற ஆரும் இதக் கண்டுபிடிச்சா, அடுத்த முற பாக்கியம் உண்மையாக் கேட்டாலும் குடுக்க மாட்டாங்க," என்று சொல்லிவிட்டுத் தாளை எடுத்தார். அனுப்பிய கணக்குப் பிழை, திருத்தி அனுப்பும்வரை அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். நாலு வரிக்கு மேல் இல்லை. கீழே பெயர்களைப் போட்டார், அவருடையதை முதலில்.

அடுத்த கிழமை பாக்கியக்கா போத்தல்களோடு வந்தார். டொக்டர் சொல்ல வாயெடுக்கும்போது நான்தான் சொல்லுகிறேன் என்று தடுத்தேன். நான் சொல்லி முடிக்கும்வரை போத்தல் பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றார்.

"உங்கட கடதாசி ஈரமாக் கிடந்ததுக்கு எங்கட புள்ளத்தாச்சியள் என்ன செய்யிற மிஸ்?"

அதுவரை அவர் என்னை மிஸ் என்று கூப்பிட்டதே இல்லை.

"ஒவ்வொரு வீடாப் போய்க் காலப் புடிச்சிக் கேட்டு எடுத்துக்கொண்டு வந்த நான். இதக் குடுத்தா மருந்து வரும் எண்டு என்ர வாயால சொன்ன நான். இனி அவளுகளுக்கு நான் என்னத்தச் சொல்ல?" போத்தல்களை மேசையில் ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனார். சத்தம் போட்டிருந்தால் நான் கொஞ்சம் தாங்கியிருப்பேன்.

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஆஸ்பத்திரிக் குசினியில் பெரிய தாச்சியில் அரிசி வறுபட்டது, வார்டெல்லாம் வாசம், நோயாளிகள் இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்டார்கள். பிஸ்கட் டின்களில் அடியில் அரிசி, மேலே வலைத் துணி, அதற்கு மேல் கடதாசித் துண்டுகள் என்று அடுக்கினோம். மூன்று நாள் மூடிவைத்து, ஒவ்வொன்றாக எடுத்து, மூச்சை அடக்கி நிறுத்தோம். மலேரியாக்காரர் தங்கள் நேரங்களைக் கொப்பியில் வெட்டிவிட்டு எனக்குக் கொடுத்தார்கள். மீன் சேர் ஒரு மூட்டை அரிசி கொண்டுவந்து இறக்கினார். "இது என்ர பழைய கடன்," என்றார். நஞ்சு என்று எழுதும்வரை டப்பாவில் அரிசி குறைந்ததற்குக் காரணம் அவர்தான் என்று அன்றைக்கு உறுதியானது.

பட்டணத்துத் துண்டுகளையும் விடாமல் நிறுத்தோம். முடிவில் இரண்டு ஊருக்கும் நடுவே இருந்த வித்தியாசம் நன்றாகச் சுருங்கிவிட்டது. ஆனால் இருந்தது. டொக்டர் மூன்று முறை கணக்குப் பார்த்தார், மூன்று முறையும் இருந்தது. சின்ன வித்தியாசம், ஆனால் உண்மையான வித்தியாசம். திருத்திய கணக்கு கொழும்புக்குப் போனது, எங்கள் பிழை எப்படி நடந்தது, வறுத்த அரிசியால் அதை எப்படித் திருத்தினோம் என்ற விளக்கத்தோடு. அரிசியைப் பற்றி எழுத வேண்டுமா என்று கேட்டேன். "அதுதான் முக்கியம்," என்றார்.

பதில் வரச் சித்திரையாகிவிட்டது. அதற்கிடையில் மாசியில் பாக்கியக்காவின் பகுதியில் இரண்டு பிள்ளைகள் குறைமாதத்தில் பிறந்தன. ஒன்று தங்கவில்லை. மாத்திரை வந்திருந்தாலும் அது நடந்திருக்கலாம் என்று டொக்டர் சொன்னார். பாக்கியக்கா அப்படிச் சொல்லவில்லை. எனக்கு நானும் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. தாளை மிச்சம் பிடிக்கப்போன என் கெட்டித்தனத்தின் விலை அதற்குள் எவ்வளவு என்று எந்தத் தராசிலும் நிறுக்க முடியவில்லை. அந்த மாதங்களில் பாக்கியக்கா வருவார், போத்தலை வைப்பார், "மிஸ், ஒப்பம் வையுங்க," என்பார், போவார்.

மாத்திரை வந்தபோது கேட்டதில் பாதிதான் வந்தது. பெட்டி எங்கள் அறைக்கு வந்து அங்கிருந்துதான் கதிரவெளிக்குப் போக வேண்டும். பாக்கியக்கா வந்து, நின்றபடியே பெட்டியைத் திறந்து, டின்களை ஒவ்வொன்றாக எடுத்து மூடியைக் கழற்றிப் பார்த்தார். நான் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தேன், தலை நிமிரப் பயம். கடைசி டின்னுக்குள் விரலை விட்டு எதையோ எடுத்தார். சின்ன வெள்ளைத் துணிப் பை, மாத்திரையில் ஈரம் பிடிக்காமல் இருக்கக் கம்பனிக்காரர் போடுவது. அந்த அறையில் நான் அதற்கு முன் கண்டிராத, கொழும்பிலிருந்து வராத அதே ஈரம் உறிஞ்சும் மருந்து.

பையை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் கொப்பியின் மேல், நான் எழுதிக்கொண்டிருந்த வரியின் மேலேயே வைத்தார்.

"இந்தாங்க தங்கச்சி," என்றார். "உங்கட கடதாசிக்கு வச்சிக்கங்க."